பனியாறு நீண்டதும் சுருங்கியதும்: மலையைப் பார்த்தே தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பனியாற்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் முனைக்கு நேரே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். "முன்பு இதுவரை இருந்ததாம், இப்போது அவ்வளவு தூரம் போய்விட்டதாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முனை பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வது பழைய செய்தி. பெரிய பனியாறுகளில் இன்றைய வெப்பம் முனைக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் காலநிலைக்கும் பனியாற்றுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முனையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் மேலே பார்க்க வேண்டும், அப்புறம் பக்கவாட்டில்.

இதைப் பழக ஒரு நல்ல இடம் வேண்டும். நான் தேர்ந்தெடுப்பது ஸ்விட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் உள்ள பெரிய அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸ் மலையிலேயே மிகப் பெரியது, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம். 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி. பனியாற்றின் பழைய எல்லைகள் இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன, அவற்றுக்குக் காலக்கணக்கும் தெளிவாக உண்டு. பார்க்கப் பனிமேல் கால் வைக்கவே வேண்டாம். ரோன் பள்ளத்தாக்கில் உள்ள மோரல் என்ற ஊரிலிருந்து கேபிள் காரில் ரீடரால்ப் போய், அங்கிருந்து மூஸ்ஃப்ளூ முகட்டுக்கு ஏறிவிட்டால் பனியாறு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள் போங்கள். ஏன் அந்த நாட்கள் என்பது இரண்டாம் படியில் வரும்.

நேரில் போக முடியாதவர்கள் இதே படிகளைச் செயற்கைக்கோள் படத்தை வைத்து வீட்டிலிருந்தே செய்யலாம். பாதிக்கு மேல் பலன் கிடைத்துவிடும்.

முதல் படி: பனி ஓடுகிறது என்பதை மனதில் பதியுங்கள்

"பின்வாங்குகிறது" என்ற சொல்லைக் கேட்டதும், பனிக்கட்டி மேல்நோக்கித் திரும்பிப் போவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பனிக்கட்டி ஒருபோதும் மேலே ஏறாது. சுருங்கும் காலத்திலும் அது தன் எடையாலேயே கீழே நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அலெட்ச் பனியாற்றின் வேகமான பகுதி ஆண்டுக்கு 200 மீட்டர் வரை நகர்கிறது. 1926இல் இதன் மேற்பகுதியில் மலையேறிகள் சிலர் காணாமல் போனார்கள். அவர்களின் எலும்புகள் 2012இல் 10 கிலோமீட்டருக்கும் கீழே வெளிப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகள் முழுவதும் பனியாற்றின் முனை சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் உள்ளே இருந்த பனி அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

இதை வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் எல்லாம் எளிதாகிவிடும். மேலே விழும் வெண்பனி வரவு. கீழே உருகுவது செலவு. வரவு அதிகமான ஆண்டுகள் தொடர்ந்து வந்தால் பனியாறு தடித்து, அந்தத் தடிப்பு மெல்லக் கீழே இறங்கி, முனை முன்னேறும். செலவு அதிகமானால் முதலில் மெலியும், பிறகுதான் குட்டையாகும். மெலிவது முதலில் என்பதை மறக்க வேண்டாம். பின்னால் வரும் எல்லாப் படிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் படி: வெண்பனிக் கோட்டைத் தேடுங்கள்

கோடை முடியும் நேரத்தில் மூஸ்ஃப்ளூவில் நின்று பார்த்தால் பனியாற்றின் கீழ்ப்பகுதி அழுக்குச் சாம்பல் நிறத்திலும், மேலே வெகுதூரத்தில் வெள்ளையாகவும் இருக்கும். கீழே தெரிவது உருகிக்கொண்டிருக்கும் பழைய பனிக்கட்டி. மேலே வெள்ளையாக இருப்பது அந்த ஆண்டின் கோடையைத் தாண்டிப் பிழைத்த வெண்பனி. இரண்டும் சந்திக்கும் உயரம்தான் அந்த ஆண்டின் சமநிலைக் கோடு என்று ஏறத்தாழச் சொல்லலாம். அதற்கு மேலே வரவு, கீழே செலவு. ஜூன் மாதம் போனால் எல்லாமே வெள்ளையாக இருக்கும், அக்டோபரில் புதுப்பனி விழுந்து கோட்டை மூடிவிடும். அதனால்தான் அந்தச் சில வாரங்கள்.

இந்தக் கோடுதான் காலநிலையோடு நேரடியாகப் பேசுவது. கோடை வெப்பம் சராசரியாக 1 டிகிரி கூடினால் கோடு ஏறத்தாழ 100 முதல் 150 மீட்டர் மேலே ஏறும். ஓர் ஆண்டு வெயிலுக்கே அசையும். 2022இல் குளிர்காலப் பனி குறைவு, சகாராவிலிருந்து வந்த தூசு படிந்து பனியின் நிறமும் மங்கியது, அதோடு கடும் கோடையும் சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்தின் பனியாறுகள் அந்த ஒரே ஆண்டில் தங்கள் கன அளவில் சுமார் 6 சதவீதத்தை இழந்தன. அடுத்த ஆண்டு மேலும் 4 சதவீதம். முனையை மட்டும் பார்த்தவருக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

மூன்றாம் படி: எதிர்ச்சரிவில் மொட்டைப் பட்டையைப் பாருங்கள்

இப்போது பார்வையைப் பனியிலிருந்து எடுத்து, அதற்கு இருபுறமும் உள்ள சரிவுகளுக்குக் கொண்டுபோங்கள். பனிக்கு மேலே ஒரு வெளிர்நிறப் பட்டை, பள்ளத்தாக்கு நெடுக ஓடும். அங்கே மண் மிகக் குறைவு, புல்லும் சிறு மரங்களும் இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும். அதற்கு மேலே சட்டென்று அடர்பச்சை. அந்தப் பச்சையின் கீழ் விளிம்புதான் 1859–60 வாக்கில் பனியின் மேல்மட்டம் இருந்த இடம். பல இடங்களில் அந்த விளிம்பில் கல்லும் மண்ணும் நீண்ட கரையாகக் குவிந்திருக்கும். பனியாறு சுமந்து வந்து ஓரத்தில் விட்டுப்போன அந்தக் குவியலுக்கு மொரைன் என்று பெயர்.

இந்தப் பட்டையின் உயரத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். முனைக்கு அருகே 1860க்குப் பிறகு மெலிந்த அளவு 300 மீட்டருக்கும் மேல். முனை மேலேறிய தூரம் 3 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டு எண்களில் முதலாவதுதான் என்னை அதிகம் உலுக்கியது. நிற்கும் இடத்திலிருந்து கீழே பார்க்கும்போது, அவ்வளவு ஆழமும் ஒரு காலத்தில் பனியால் நிரம்பியிருந்தது என்பது மெல்லத்தான் உறைக்கும்.

மேல்பகுதியில் கொன்கோர்டியா என்ற மலைக்குடில் உண்டு. 1877இல் அதைக் கட்டியபோது பனிப்பரப்பு சுமார் 50 மீட்டர் கீழேதான் இருந்தது. இன்று பனியிலிருந்து குடிலுக்குப் போக, பாறையில் பொருத்திய 400க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பனி இறங்க இறங்கப் படிகளை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கீழே, ரீடரால்ப்பையும் பெலால்ப்பையும் இணைக்க 2008இல் ஒரு தொங்குபாலம் போட்டார்கள், 124 மீட்டர் நீளம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பள்ளத்தில் பனியாற்றின் நாக்கு கிடந்தது. இன்று அங்கே மாசா என்ற ஆறுதான் ஓடுகிறது.

பனி தாங்கிப் பிடித்திருந்த சரிவுகள் பிடிமானம் போனதும் அசைகின்றன. மூஸ்ஃப்ளூவின் சரிவே 2016இல் வேகமாகச் சரியத் தொடங்கியது. பாதை மூடியிருக்கிறது என்ற பலகை இருந்தால் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

நான்காம் படி: காட்டுக்குள் போய் இன்னும் பழைய கரையைக் கண்டுபிடியுங்கள்

மூஸ்ஃப்ளூவிலிருந்து ரீடர்ஃபுர்கா வரை அலெட்ச் காட்டுக்குள் நடக்க ஒரு பாதை உண்டு. 1933 முதல் பாதுகாக்கப்படும் காடு இது. கீழ்ப்பகுதியில், 1860இன் மொரைனுக்கும் கீழே, பிர்ச்சும் லார்ச்சும் இளமரங்களாக நிற்கும். மொரைனைத் தாண்டி மேலே போனால் பல நூறு வயதான ஆர்வ் பைன் மரங்கள், காலுக்கடியில் பஞ்சுபோன்ற மண். மண்ணின் தடிப்பே வயதைச் சொல்லிவிடும். வெறும் கல்லில் அப்படியொரு மண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவை.

அந்தக் காட்டுக்குள்ளேயே இன்னொரு மொரைன் ஓடுகிறது, செடிகொடி மூடிய கரையாக. அது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் முடிந்துகொண்டிருந்தபோது பனியாறு விட்டுச்சென்றது. உலகம் சூடாகிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், வட அமெரிக்கப் பனிப்படலங்கள் உருகிய நன்னீர் அட்லாண்டிக்கில் பெருமளவு கலந்து, வெப்பத்தை வடக்கே கொண்டுபோகும் கடல் நீரோட்டம் தளர்ந்ததாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பா மீண்டும் குளிர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்த அந்தக் குளிர் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதற்குப் பிறகு அலெட்ச் பனியாறு அந்தக் கரையை ஒருமுறைகூடத் தொடவில்லை. 1860இலும் தொடவில்லை.

இங்கே ஒரு விதியைக் கற்றுக்கொள்ளலாம். பின்னால் வரும் பெரிய முன்னேற்றம் தனக்கு முந்தைய சிறிய மொரைன்களை அழித்துவிடும். ஆகவே மிஞ்சியிருப்பவை எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வரவர இளையவை. இரண்டு கரைகள்தான் தெரிகின்றன என்பதால் இரண்டு முறைதான் பனியாறு முன்னேறியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பல வழிகள் உண்டு. மொரைன் மேல் உள்ள பெரிய பாறைகளில், விண்வெளிக் கதிர்கள் பட்டுச் சேர்ந்த பெரிலியம்-10 அணுக்களை எண்ணி, அந்தப் பாறை எப்போது வெளிச்சத்துக்கு வந்தது என்று கணக்கிடலாம். மண்ணில் புதைந்த மரத்துண்டுக்கு ரேடியோ கார்பன் முறை. பாறைமேல் படரும் லைக்கன் என்ற பாசிபோன்ற உயிரி எவ்வளவு அகலம் என்பதும் சில நூறு ஆண்டுகளுக்குள் உதவும்.

அலெட்சில் எல்லாவற்றையும்விட அழகான சான்று மரங்கள்தான். பனியாறு முன்னேறும்போது வழியில் நின்ற மரங்களைச் சாய்த்து மூடிவிட்டது. இன்று பனி விலக விலக, அந்த அடிமரங்கள் வேரோடு நின்ற இடத்திலேயே வெளியே வருகின்றன. ஆண்டு வளையங்களை ஒப்பிட்டு அந்த மரம் எந்த ஆண்டு செத்தது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. பனி அந்த இடத்தைத் தொட்ட ஆண்டு அதுதான். அதோடு மனிதர்களின் சான்றும் சேரும். மத்திய காலத்தில் சரிவில் வெட்டிய பாசன வாய்க்கால் ஒன்றை முன்னேறிய பனி சிதைத்துவிட்டது, அதன் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. இப்படிச் சேர்த்து மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றைக் கட்டியிருக்கிறார்கள். பெரிய உச்சங்கள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், 1670களிலும், 1859–60இலும். இந்த மூன்று உச்சங்களும் அடங்கிய காலத்தைத்தான் சிறு பனியுகம் என்கிறார்கள்.

அருகிலுள்ள ஃபீஷ் ஊர் மக்கள் 1678இல் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார்கள்: பனியாறு வளரக் கூடாது, அதன் ஓரத்து ஏரி உடைந்து ஊரை அடித்துப்போகக் கூடாது என்று. பிறகு ஆண்டுதோறும் ஊர்வலமாகப் போய் வேண்டினார்கள். 2010 வாக்கில் வத்திக்கானின் ஒப்புதலோடு அந்த வேண்டுதலை மாற்றிக்கொண்டார்கள். இப்போது பனியாறு தேயக் கூடாது என்பதே அவர்களின் வேண்டுதல். எந்த வரைபடத்துக்கும் குறையாத ஆவணமாக இதை நான் மதிக்கிறேன்.

ஆறாம் படி: தாமதத்தைக் கணக்கில் எடுங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆல்ப்ஸில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பல சிறிய, செங்குத்தான பனியாறுகள் சற்று முன்னேறின. 1920 வாக்கிலும் அப்படி நடந்தது. அலெட்ச் மட்டும் 1860க்குப் பிறகு சுருங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே மலை, ஒரே வானிலை, ஆனால் நடத்தை வேறு. காரணம் அளவு. சிறிய பனியாற்றின் முனைக்குச் செய்தி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் போய்ச் சேரும். 20 கிலோமீட்டர் நீளமும், கொன்கோர்டியா பகுதியில் சுமார் 800 மீட்டர் தடிப்பும் உள்ள அலெட்சுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். சில குளிர்ந்த ஆண்டுகள் வந்து போனதை அதன் முனை உணரவேயில்லை.

இதைப் புரிந்துகொண்டால், அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும். கி.மு. 1300 வாக்கில், வெண்கலக் காலத்தில், அலெட்ச் பனியாறு 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்ததைவிடச் சுமார் 1 கிலோமீட்டர் குட்டையாக இருந்தது. "அப்போதும் சுருங்கியிருக்கிறதே, இப்போது மட்டும் என்ன கவலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீளத்தை நீளத்தோடு ஒப்பிடுவது இங்கே சரிவராது. அன்றைய நீளம், நீண்ட காலம் நிலவிய வெப்பத்துக்கு ஏற்ப மெல்ல அமைந்தது. இன்றைய நீளம் இன்றைய வெப்பத்துக்கு உரியதே அல்ல. முனை இன்னும் பழைய குளிரின் மிச்சத்தில் நின்றுகொண்டிருக்கிறது. வெப்பம் இதற்கு மேல் கூடாமல் இப்படியே நின்றாலும், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அலெட்ச் தன் பனியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கும் என்று கணினிக் கணிப்புகள் காட்டுகின்றன.

ஏழாம் படி: காலநிலை அல்லாத காரணங்களை விலக்குங்கள்

ஒரு பனியாறு முன்னேறுகிறது என்ற செய்தியைப் படித்தால் உடனே உலகம் குளிர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலாஸ்காவின் ஹப்பர்ட் பனியாறு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னேறிவருகிறது. அது கடலில் முடியும் பனியாறு, அத்தகையவற்றுக்குத் தனிச் சுழற்சி உண்டு. காரகோரத்தில் சில பனியாறுகள் பல ஆண்டு சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கிலோமீட்டர் கணக்கில் பாயும், அடியில் நீர் தேங்கி வழுக்குவது போன்ற உள்காரணங்களால். நார்வேயின் கடலோரப் பனியாறுகள் 1990களில் முன்னேறியதற்குக் குளிர்காலத்தில் வெண்பனி மிகுதியாக விழுந்ததே முக்கியக் காரணம். அது காலநிலைதான், ஆனால் குளிர் அல்ல, ஈரம்.

ஆகவே ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பகுதியில் சிறியதும் பெரியதுமாகப் பலவற்றைப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் போனால்தான் அது காலநிலையின் குரல்.

எட்டாம் படி: எந்தக் கரைக்கு எந்தக் காரணம்?

காலத்தின் அளவைப் பொறுத்துக் காரணம் மாறும். பல்லாயிரம் ஆண்டு அளவில் வரும் பனியுகங்களுக்கு அடிப்படை, சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையிலும் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்கள். செர்பிய அறிவியலாளர் மிலுட்டின் மிலன்கோவிச் கணக்கிட்டுக் காட்டியது இது. வடக்கே கோடை வெயில் குறைந்தால் விழுந்த பனி உருகாமல் தங்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கடல் இழுத்துக்கொள்ள, குளிர் இன்னும் கூடும். அன்டார்டிக் பனிக்கட்டியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளில் 8,00,000 ஆண்டுகளின் கணக்கு இருக்கிறது: பனியுகங்களில் பத்து லட்சத்துக்குச் சுமார் 180 பங்கு, இடைப்பட்ட வெப்பக் காலங்களில் சுமார் 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்த கடைசிப் பனியுகத்தில், ரோன் பள்ளத்தாக்கின் பனி ஜெனீவாவை மூடி, நோஷாட்டெல் நகருக்கு மேலே உள்ள யூரா மலைவரை மோன்ட் பிளாங்க் பக்கத்துக் கிரானைட் பாறைகளைக் கொண்டுபோய்ப் போட்டது. அதே நோஷாட்டெலில்தான் 1837இல் இயற்கை அறிவியலாளர் லூயி அகாசி, ஒரு காலத்தில் பனி இவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று அறிஞர்கள் முன் அறிவித்தார். அவருக்கு முன்பே மலை வேட்டைக்காரர் பெரோதான், பொறியாளர் வெனெட்ஸ், நிலவியலாளர் ஷார்பொந்தியே ஆகியோர் அதைக் கண்டுகொண்டிருந்தார்கள். அவ்வளவு நீர் பனியாக நிலத்தில் தங்கியதால் உலகக் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. பாக் நீரிணை அப்போது காய்ந்த நிலம். தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம்.

சிறு பனியுகம் போன்ற நூற்றாண்டு அளவு மாற்றங்களில் எரிமலைகளுக்குப் பெரிய பங்கு, சூரியனின் சிறு ஏற்ற இறக்கத்துக்கும் ஓரளவு பங்கு. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததும் அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை, ஆல்ப்ஸ் பனியாறுகள் 1820 வரை முன்னேறின. கடந்த சில பத்தாண்டுகளில் நடப்பதற்கு இவை எதுவும் பொருந்தவில்லை. பூமியின் பாதை இப்போது மெல்லக் குளிரும் பக்கம் சாய்ந்திருக்கிறது, சூரியனும் கூடுதலாக எரியவில்லை. நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும்தான் கணக்கை நேர் செய்கின்றன.

கடைசியாக, முனையும் வரைபடமும்

இப்போது முனையைப் பாருங்கள். அதன் பழைய இடங்களை ஒப்பிட ஸ்விஸ் அரசின் நிலவரைபடத் தளத்தில் காலப்பயண வசதி இலவசமாகக் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் டுஃபூர் வரைபடத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம். நீங்கள் காட்டில் கண்ட மொரைனை அதில் தேடுங்கள். முன்பக்கப் பனிக்குகைக்குள் நுழைய வேண்டாம், கூரை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் பனிமேலும் ஏற வேண்டாம்.

கங்கோத்ரிக்கு யாத்திரை போகிறவர்கள், கங்கோத்ரி பனியாற்றின் முனையான கோமுகத்திலும் இதே படிகளை முயன்று பார்க்கலாம். தேசியப் பூங்கா என்பதால் முன்அனுமதி தேவை, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. சுமார் 30 கிலோமீட்டர் நீளமான அந்தப் பனியாற்றின் இருபுறமும் மொரைன்கள் உயர்ந்து நிற்கின்றன, மூன்றாம் படி அங்கே நன்றாகவே வேலை செய்யும். இரண்டாம் படி மட்டும் செல்லாது. மத்திய இமயத்தில் பருவமழைக் காலத்திலேயே உயரத்தில் வெண்பனியும் விழுகிறது, அதாவது வரவும் செலவும் ஒரே கோடையில் நடக்கின்றன. ஆல்ப்ஸ் போலச் செப்டம்பரில் தெளிவான கோட்டை எதிர்பார்க்க முடியாது. கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடியிருப்பதால், முனை பின்வாங்குவது குறைவாகத் தெரியும்போதே உள்ளே பனி வெகுவாக மெலிந்திருக்கலாம். அங்கே போனால் மொரைனின் உச்சிக்கும் இன்றைய பனிமட்டத்துக்கும் இடையே உள்ள உயரத்தைத்தான் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.